கேஸ், மிக்ஸி, மோட்டார் இல்லாமல் மூன்று ஏக்கரில் வாழ முடியுமா? (ஆலங்குடிப் பக்கம்)

வேளச்சேரிவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆலங்குடிக்கும் வடகாட்டுக்கும் நடுவில் எங்களுக்கு மூன்று ஏக்கர் செம்மண் நிலம் இருக்கிறது. தென்னந்தோப்பாக இருந்தது. 2018 கஜா புயலில் முக்கால்வாசி மரம் விழுந்துவிட்டது. மிச்சத்தை அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். போன வருடம் தவறிவிட்டார். ஒரு போர் (ஆழ்துளைக் கிணறு), இலவச மின்சார இணைப்பில் ஓடும் மோட்டார், தண்ணீர் இல்லாத பழைய கிணறு, ஓட்டு வீடு. இவ்வளவுதான் அங்கே இருக்கிறது.

நான் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். மனைவி பள்ளி ஆசிரியை. பையன் ஆறாம் வகுப்பு, பெண் இரண்டாம் வகுப்பு. அம்மாவுக்கு 68 வயது. சர்க்கரை உண்டு, மற்றபடி நன்றாக நடமாடுகிறார்.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் எங்கள் தெருவில் வெள்ளம் வந்தபோது மாடியில் மாட்டிக்கொண்டோம். கரண்ட் இல்லை, குடிதண்ணீர் இல்லை, பால் பாக்கெட் இல்லை. பையில் பணம் இருந்தது, அதைக் கொடுத்து வாங்க ஒன்றும் இல்லை. அப்போதிருந்து மனசு நிலத்தைத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

திட்டம் இதுதான். அடுத்த கல்வியாண்டுக்குள் ஊருக்குப் போய்விடுவது. சொந்த நெல், சொந்தக் காய்கறி, சொந்த எண்ணெய், இரண்டு நாட்டு மாடு. விறகடுப்பு, அம்மி, ஆட்டுக்கல். கேஸ், மிக்ஸி, ஃப்ரிட்ஜ் எதுவும் வேண்டாம். மோட்டாரையும் மெல்ல நிறுத்திவிட்டு மழையை நம்பிய விவசாயம். மாதம் பத்தாயிரத்துக்குள் ரொக்கச் செலவு. தொழில்நுட்பத்தைச் சார்ந்திருக்கிற வரைக்கும் நிம்மதி இல்லை என்று நினைக்கிறேன்.

இப்படி வாழ்கிறவர்கள், வாழ்ந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். இது நடக்குமா? மூன்று ஏக்கர் ஐந்து பேருக்குப் போதுமா?


கடைமடைக்காரன் எழுதியது:

நான் திருத்துறைப்பூண்டிப் பக்கம். பாரம்பரிய நெல் போடுகிறேன். போதுமா என்ற கேள்விக்குக் கணக்கோடு பதில் சொல்கிறேன்.

ஆளுக்கு மாதம் பத்து கிலோ அரிசி என்று தாராளமாக வைத்துக்கொண்டால் ஐந்து பேருக்கு வருடம் 600 கிலோ. நெல்லில் அறுபது, அறுபத்தைந்து சதவீதம் அரிசி கிடைக்கும். ஆக ஏறக்குறைய ஆயிரம் கிலோ நெல். பாரம்பரிய ரகம் நன்றாக வந்தால் ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை பதினைந்திலிருந்து இருபது வரும். ஒரு ஏக்கர் உங்கள் அரிசிக்குப் போதும்.

ஆனால் உங்களுடையது மேட்டுச் செம்மண். கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் அறந்தாங்கி, நாகுடிப் பக்கம் போகிறதே தவிர உங்கள் மேட்டுக்கு ஏறாது. தூயமல்லிக்கு 135, 140 நாள், மாப்பிள்ளைச் சம்பாவுக்கு 160 நாள் வரைக்கும் வயலில் ஈரம் நிற்க வேண்டும். மோட்டாரையும் நிறுத்திவிட்டு அந்த மண்ணில் ஒரு ஏக்கர் நெல் என்பது நடக்காது. மழைக்குக் கடலை, துவரை, உளுந்து, எள், வரகு போடுங்கள். நெல்லை அரை ஏக்கரோடு நிறுத்துங்கள், பற்றாததை வாங்கிக்கொள்ளுங்கள்.

எண்ணெய் சுலபம். செக்கில் ஒரு லிட்டர் எடுக்க இரண்டரை கிலோ கடலைப் பருப்பு வேண்டும். மாதம் மூன்று லிட்டர் என்றால் வருடத்துக்குத் தொண்ணூறு கிலோ பருப்பு. அதற்கு அரை ஏக்கர் மானாவாரிக் கடலை தாராளம். புண்ணாக்கு மாட்டுக்கு ஆகும்.

நாட்டு மாடு என்றால் எங்கள் பக்கத்து உம்பளச்சேரியைச் சொல்வீர்கள். அருமையான மாடு. ஆனால் அது உழவுக்கும் வண்டிக்கும் பேர்போனது. கன்றுக்குப் போக நாளைக்கு இரண்டு லிட்டர் கறந்தால் பெரிது. தயிர், மோர், நெய் எல்லாம் அதில்தான் என்று தெரிந்து வாங்குங்கள்.

விதைக்கு அலைய வேண்டாம். பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டெடுத்த நெல் ஜெயராமன் எங்கள் பக்கத்து ஆதிரெங்கத்தில் ஆரம்பித்த வழக்கம் ஒன்று உண்டு: இரண்டு கிலோ விதைநெல் வாங்கிப் போனால் அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அவர் 2018 டிசம்பரில் காலமானார். விதை இன்னும் கை மாறிக்கொண்டுதான் இருக்கிறது.


வடகாட்டுக்காரி எழுதியது:

தம்பி, நான் வடகாட்டுப் பக்கம் வாக்கப்பட்டு வந்தவள், பிறந்தது கறம்பக்குடிப் பக்கம். பலா, மல்லிகை, கடலை, கொஞ்சம் உளுந்து, நாலு மாடு. உங்கள் நிலம் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம்தான் இருக்கும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், நிலத்தின் மேல் பற்று இல்லாதவள் என்று நினைத்துவிடக் கூடாது. 2017-ல் ஹைட்ரோகார்பன் (மண்ணுக்கடியில் இருக்கும் எண்ணெய், எரிவாயு) எடுக்க வந்தபோது நெடுவாசல் போராட்டப் பந்தலில் நாள் கணக்கில் உட்கார்ந்த பெண்களில் நானும் ஒருத்தி. இந்த மண்ணை விட்டுவிட்டுப் போகச் சொன்னால் போக மாட்டேன்.

நிலம் சோறு போடுமா என்பதற்கு மேலே அண்ணன் பதில் சொல்லிவிட்டார். போடும். எனக்கு இருக்கிற கேள்வி வேறு. உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். அம்மியில் அரைப்பது யார், விறகு பொறுக்குவது யார், விடியற்காலையில் கொட்டகையில் சாணி அள்ளுவது யார் என்று ஒரு வரி இல்லை. கேஸ் வேண்டாம், மிக்ஸி வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். இவை இரண்டும் உங்கள் கையில் இருந்த வேலையைக் குறைத்த சாமான்கள் இல்லை. உங்கள் அம்மா கையில் இருந்த வேலையைக் குறைத்தவை. வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால் அவர்கள் சொல்லட்டும்.

ஆட்டுக்கல்லில் மாவாட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. உளுந்தை முதலில் போட வேண்டும். வலது கை குழவியைச் சுற்றும், இடது கை ஒவ்வொரு சுற்றுக்கும் வழிகிற மாவைக் குழிக்குள் தள்ளிவிடும், விரல் குழவிக்கடியில் போகாமல். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து, உளுந்து நுரைத்துப் பொங்கி வர அரை மணிக்கு மேலாகும். அப்புறம் அரிசி, அது இன்னும் நேரம் எடுக்கும், கனமாகவும் சுற்றும். ஐந்து பேருக்கு இரண்டு நாள் இட்லிக்கு ஒன்றரை மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து தோளைச் சுற்ற வேண்டும். என் மாமியாருக்கு வலது தோள் கடைசிவரை மேலே தூக்க வரவில்லை. தலை வாரிவிட நான்தான் போவேன்.

அதையாவது மாவு என்று விடலாம். வரகைச் சொல்கிறேன், அண்ணனும் வரகு போடச் சொல்கிறார். என் அம்மா வீட்டில் வரகுச் சோறுதான். வரகுக்கு ஏழு தோல் என்பார்கள். களிமண் பூசிய திரிகையில் போட்டு அரைத்தால் மேல் உமி உரியும், எல்லாம் உரியாது. முறத்தில் புடைத்து, உரியாததை ஒதுக்கி, மறுபடி திரிகையில் போட வேண்டும். பிறகு உரலில் கொட்டி உலக்கையால் குத்தித் தவிடு எடுக்க வேண்டும். திரும்பவும் புடைத்து, கொழித்து, கல் பார்த்து, கழுவி உலையில் போட வேண்டும். பகல் சாப்பாடு முடிந்ததும் ஆரம்பித்தால் ராத்திரிச் சோற்றுக்குச் சரியாக இருக்கும். இதைக் களை பறித்துவிட்டு வந்த பெண்கள் செய்தார்கள். வரகு ஏன் ஊரை விட்டுப் போனது என்று கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். குத்த முடியாமல்தான் போனது. ரேஷனில் அரிசி வந்தது, அப்புறம் 2011-லிருந்து இலவசமாகவே வந்தது. உலக்கையைக் கீழே வைத்த பெண்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்தத் தானியம் திரும்பி வருவதும் மெஷினால்தான். கொல்லிமலையில் சாமை இப்படித்தான் குறைந்துகொண்டு வந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்கள் ஊர்களிலேயே சாமை உமி நீக்கும் இயந்திரம் வைத்து, அதை மகளிர் குழுக்களிடம் கொடுத்தார்கள். குத்துகிற வேலை போனதும் சாமை மறுபடி வீட்டுக்குள் வந்தது. எங்கள் பக்கமும் இப்போது ஒருவர் சின்ன மெஷின் வைத்திருக்கிறார். நான் வரகு போடுவது அதை நம்பித்தான்.

சரி, இதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. அதில் உங்கள் பயம் ரொம்ப நியாயம். கஜாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2018 நவம்பர் 16 விடியும்போது தோப்பு இல்லை. தென்னையும் பலாவும் வேரோடு கிடந்தன, தெருவுக்குப் போக வழியில்லை. மாவட்டம் மாவட்டமாக ஒரு லட்சத்துக்கும் மேலே மின்கம்பம் விழுந்தது என்றார்கள். எங்கள் ஊருக்குக் கரண்ட் வர வாரக் கணக்காகியது. நாங்கள் விவசாயிகள், நிலத்தில் வாழ்கிறவர்கள், நகரத்து ஆட்கள் மாதிரி இல்லை என்றுதான் அதுவரை எல்லாரும் நினைத்திருந்தோம்.

முதல் நாளே தண்ணீர் இல்லை. போர் ஐந்நூறு அடிக்கு மேலே, மோட்டார் இல்லாமல் ஒரு சொட்டு வராது. எங்கள் கிணறு என் மாமனார் காலத்தில் ஏற்றம் இறைத்த கிணறு. ஊரெல்லாம் போர் போட்டதில் அது எப்போதோ வற்றிவிட்டது. 1990-ல் எல்லா விவசாயிக்கும் மின்சாரம் இலவசமானதில் எங்களுக்குக் கிடைத்த நன்மை கொஞ்சநஞ்சமில்லை, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த மோட்டார் கையால் இறைக்கிற வழியை அடியோடு எடுத்துவிட்டது. வெளியூரிலிருந்து டிராக்டரில் ஜெனரேட்டர் கொண்டு வந்தார்கள், தொட்டி நிரப்ப இவ்வளவு என்று காசு. கிடைத்ததே புண்ணியம் என்று நின்றோம்.

இரண்டாவது சோறு. வீட்டில் நெல் மூட்டை அடுக்கியிருந்தது. அரிசி இல்லை. மில்லுக்குக் கரண்ட் இல்லை. உலக்கை எங்கே என்று தேடினால் மாட்டுக் கட்டுத்தறி ஆகியிருந்தது, உரலில் கோழிக்குத் தண்ணீர் வைத்திருந்தோம். நெல்லை வீட்டில் வைத்துக்கொண்டு நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

மூன்றாவதைக் கேளுங்கள். விறகு அத்தனையும் நனைந்துவிட்டது. காலடி எடுத்து வைத்த இடமெல்லாம் மரம் கிடக்கிறது, எரிக்க ஒரு குச்சி இல்லை. எங்கள் தெருவில் அந்த வாரம் சமைத்தது கேஸ் அடுப்புதான். யார் வீட்டில் சிலிண்டர் மிச்சமிருந்ததோ அங்கே நாலு வீட்டுச் சோறு வெந்தது. நீங்கள் முதலில் தூக்கி எறிய நினைக்கிற சாமான் அதுதான்.

அதனால் எனக்குப் பழசு, புதுசு என்கிற பிரிவே பெரிதாகத் தெரிவதில்லை. ஒரு வசதி வரும்போது அது யார் கையை ஓய வைக்கிறது என்று பார்ப்பேன். அது நின்றுபோனால் அன்றைக்குச் சாயங்காலம் வேறு வழி இருக்கிறதா என்று பார்ப்பேன். கிரைண்டர் நின்றால் ஒரு வாரம் இட்லி இல்லாமல் கஞ்சி குடிக்கலாம். தண்ணீர் நின்றால் அன்றைக்கே முடிந்தது. எல்லாச் சார்பும் ஒன்று இல்லை தம்பி.


வலிகாமத்தான் எழுதியது:

அக்கா எழுதியதை வாசித்ததும் எங்கட ஊர் ஞாபகம் வந்துவிட்டது. நான் யாழ்ப்பாணம், வலிகாமப் பக்கம். தொண்ணூறுகளின் முதல் பாதியில் பள்ளிக்கூடம் போன ஆள். நீங்கள் விரும்பிப் போக நினைக்கிற வாழ்க்கையை நாங்கள் யுத்தத்தில், பொருளாதாரத் தடையில் விருப்பமில்லாமல் வாழ்ந்தோம்.

மின்சாரம் இல்லை. பெற்றோல், பற்றரி, யூரியா எதுவும் வரவிடுவதில்லை. மண்ணெண்ணெய் யானை விலை. படிப்பு ஜாம் போத்தல் விளக்கில்: போத்தலுக்குள் பஞ்சைப் போட்டு அதை மண்ணெண்ணெயில் நனைத்து, சைக்கிள் வால்வுக்குள் திரியை விட்டு எரிப்பது. பஞ்சு இருப்பதால் எண்ணெய் கொஞ்சமாகக் குடிக்கும். செய்தி கேட்க சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற டைனமோவில் ரேடியோ பாடும். சவர்க்காரம் இல்லாத நேரம் பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தோம்.

பட்டினி கிடந்தோமா என்றால், எங்கள் பக்கத்தில் பெரிதாக இல்லை. காரணம் தண்ணீர். சுண்ணாம்புக்கல் நிலம், கிணற்றில் தண்ணீர் கைக்கெட்டும் ஆழத்தில் இருந்தது. சில துளி பெற்றோலில் பம்பை ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அதுவும் இல்லாதபோது துலாவில் கையால் இறைத்தோம். மரவள்ளி, குரக்கன் (கேழ்வரகு), வெங்காயம், ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு) கூழ். அப்பாவின் தோட்டம் எங்களைக் காப்பாற்றியது, அது உண்மை.

ஆனால் பெரியம்மாவுக்குச் சலரோகம். இன்சுலின் கிடைப்பது அரிது. கிடைத்ததைக் குளிராக வைத்திருக்க ஒரு வழியும் இல்லை, மண்பானைத் தண்ணீருக்குள் வைத்துப் பார்த்தோம். அவரை அந்தக் காலத்திலேயே இழந்தோம். உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கு மாத்திரையோடு இருக்கலாம், நாளைக்கு ஊசி தேவைப்படலாம். ஃப்ரிட்ஜ் வேண்டாம் என்று முடிவெடுக்க முதல் அதை யோசியுங்கள் அண்ணா.

அந்த வருடங்களைப் பற்றி எங்கட ஆட்கள் கதைக்கும்போது ஒற்றுமையைச் சொல்வார்கள், கெட்டித்தனத்தைச் சொல்வார்கள். திரும்ப அப்படி இருக்கப் போகிறீர்களா என்று கேட்டால் ஒருவரும் ஓம் சொல்ல மாட்டார்கள். கிணற்றை மட்டும் மூடவும் மாட்டார்கள்.


திருச்சிப் பொறியாளன் எழுதியது:

வடகாட்டு அக்காவிடம் ஒரு கேள்வி, சண்டைக்கு இல்லை. நெடுவாசலில் எரிவாயு எடுக்கக் கூடாது என்று போராடினீர்கள். வீட்டில் கேஸ் அடுப்பு வேண்டும் என்கிறீர்கள். அந்த கேஸும் யாரோ ஒருவர் மண்ணைத் துளைத்துத்தானே வருகிறது?


வடகாட்டுக்காரி எழுதியது:

நியாயமான கேள்வி தம்பி. பந்தலில் உட்கார்ந்திருந்தபோதே எங்களிடம் கேட்டார்கள். எங்கள் மண் மூன்று போகம் பூவும் காயும் கடலையும் விளைகிற மண். 2020-ல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்தபோது கறம்பக்குடி, திருவரங்குளம் ஒன்றியங்களையும் சேர்த்தார்கள். அது சும்மா வரவில்லை. விளைகிற இடத்தைத் துளைக்காதே என்று சொல்ல எங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் வேறு எங்கேயோ துளைத்து வருவதை நான் எரிக்கிறேன் என்பதும் உண்மைதான்.

அதற்காகத்தான் சாண எரிவாயு போட்டோம். இரண்டு கன மீட்டர் கலன். அதற்குத் தினம் ஐம்பது கிலோ சாணி வேண்டும், அதாவது நாலைந்து மாடு. அதே அளவு தண்ணீர் ஊற்றிக் கரைத்துவிட வேண்டும். ஐந்து பேருக்குச் சோறு, குழம்பு, காபி வரைக்கும் வருகிறது. மார்கழிக் குளிரில் வாயு குறையும், அப்போது சிலிண்டர். கலனிலிருந்து வெளியே வருகிற கரைசல் மல்லிகைக்கும் கடலைக்கும் போகிறது. நெல் அவிக்கவும், மாட்டுக்குக் கூழ் காய்ச்சவும், குளிக்கத் தண்ணீர் வைக்கவும் விறகுதான், அதுவும் வெளியில் கொல்லையில், புகை வீட்டுக்குள் அடையாமல். இப்போது வருடத்துக்குச் சிலிண்டர் மூன்று, நான்குதான் வாங்குகிறோம். முழுக்க இல்லாமல் செய்யவில்லை. செய்யவும் மாட்டேன், கஜாவுக்கு அப்புறம் ஒன்று நிரம்பி நின்றால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

இரண்டே மாடு வைத்துக்கொண்டு இந்தக் கலன் போட்டால் பாதி நாள் வாயு இருக்காது. வேளச்சேரித் தம்பி அதைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.


வேளச்சேரிவாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இங்கே எழுதியவை எல்லாவற்றையும் நேற்று மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன், அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். வீட்டில் இரண்டு மணி நேரம் பேச்சு ஓடியது. அம்மா உலக்கை பற்றி இதுவரை என்னிடம் சொல்லாததையெல்லாம் சொன்னார்.

மனைவி வரத் தயார். அவர் சொன்னவை: கேஸ், கிரைண்டர், வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் கூடவே வரும். அவர் வேலையை விட மாட்டார். ஆலங்குடியிலோ புதுக்கோட்டையிலோ பள்ளி கிடைத்த பிறகுதான் கிளம்புவது. கொட்டகை வேலை முழுக்க என்னுடையது.

வலிகாமத்தான் அண்ணா, உங்கள் பெரியம்மா பற்றி எழுதியதற்குத் தனியாக நன்றி.

அக்கா, எனக்கு இப்போது ஒரே ஒரு கேள்விதான். போருக்கு மாற்றாகக் கையால் தண்ணீர் எடுக்க எங்கள் நிலத்தில் வழி உண்டா? பழைய கிணற்றை இன்னும் ஆழமாக வெட்டலாமா? போரில் அடிபம்பு மாட்டலாமா?


வடகாட்டுக்காரி எழுதியது:

உங்கள் மனைவி சொன்னது எல்லாமே சரி. முதல் இரண்டு வருடம் வீட்டில் ஒரு மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்தால் கடனில் மாட்ட மாட்டீர்கள். விவசாயம் கெட்டு ஊரை விட்டுப் போனவர்களை விட, கைச்செலவுக்கு வட்டிக்கு வாங்கி நிலத்தை விட்டவர்கள் எங்கள் பக்கம் அதிகம்.

கிணற்றை ஆழப்படுத்தாதீர்கள். ஊர் முழுக்க போர் இழுக்கிறபோது எவ்வளவு ஆழம் வெட்டினாலும் கிணறு தோற்கும், மண் சரிவும் ஆபத்து. அடிபம்பும் ஆகாது. ஊருக்குள் இருக்கிற சாதாரண இந்தியா மார்க் 2 பம்பு நீர்மட்டம் 150 அடிக்குள் இருந்தால்தான் இழுக்கும். நம் பக்கம் நீர்மட்டம் அதற்குக் கீழே போய் ரொம்ப நாளாகிறது.

கையால் எடுக்கிற தண்ணீர் என்றால் மழைத் தண்ணீர்தான். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் இறங்கும். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஐந்து பேருக்கு நாளைக்கு முப்பது லிட்டர் என்றால் வருடத்துக்குப் பதினோராயிரம் லிட்டர். பத்தாயிரம் லிட்டரில் சிமெண்டுத் தொட்டி ஒன்று, தரைக்கு மேலே, அடியில் குழாய் வைத்துக் கட்டுங்கள். திறந்தால் தண்ணீர் வர வேண்டும், மோட்டார் வேண்டாம். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு அப்புறம் தொட்டிக்குத் திருப்புங்கள், ஓட்டில் காக்கை எச்சமும் சருகும் இருக்கும். வெளிச்சம் உள்ளே போகாமல் மூடி போடுங்கள், இல்லாவிட்டால் பாசி பிடிக்கும், கொசு முட்டையிடும். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்னால் தொட்டி முடிந்திருக்க வேண்டும்.

கூரையில் மிஞ்சுகிற தண்ணீரையும் நிலத்தில் ஓடுகிற தண்ணீரையும் பழைய கிணற்றுக்குள் விடுங்கள், மணலும் ஜல்லியும் போட்ட குழியில் வடிகட்டிய பிறகு. கிணறு உடனே ஊறும் என்று சொல்ல மாட்டேன். கஜாவுக்கு அப்புறம் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சொந்தக் காசு போட்டுக் குளத்தைத் தூர்வாரினார்கள். குளம் நிறைந்த வருடம் கரையோரக் கிணறுகள் சிலவற்றில் தண்ணீர் தெரிந்தது. உங்கள் கிணறு எந்தக் குளத்துக்குப் பக்கம் என்று பாருங்கள். அந்தக் குளத்து வேலைக்கு நீங்களும் போங்கள், ஊரில் பழக அதைவிட நல்ல வழி இல்லை.

தென்னை விழுந்த இடத்தில் யாராவது தைலமரம் போடச் சொல்வார்கள், கவனிக்க ஆள் வேண்டாம், ஆறு வருடத்தில் காசு என்று. போடாதீர்கள். நம் மாவட்டத்தில் தைலக்காடு பெருகிய இடங்களில் குளத்துக்கு வருகிற தண்ணீர் என்ன ஆனது என்று எந்தப் பெரியவரைக் கேட்டாலும் சொல்வார். பலா வையுங்கள், அதற்கு நடுவில் எலுமிச்சை, கடலை.

மோட்டாரை நிறுத்த வேண்டாம். கடலைக்கும் காய்கறிக்கும் சொட்டுநீர் போட்டு ஓட்டும் நேரத்தைக் குறையுங்கள். மோட்டார் ஓடாத நாளில் குடும்பம் குடிக்கத் தண்ணீர் இருக்க வேண்டும், அதற்குத்தான் தொட்டி. நெல்லிலும் அதே மாதிரி: எப்போதும் ஒரு மாதத்துக்கான அரிசியை முன்கூட்டியே அரைத்து வைத்துவிடுங்கள். உரலும் உலக்கையும் ஒரு ஜோடி வீட்டில் இருக்கட்டும், உங்கள் பையனுக்குக் குத்தச் சொல்லிக்கொடுங்கள்.

சித்திரை விடுமுறையில் குடும்பத்தோடு வாருங்கள். பலாப்பழக் காலம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கொட்டகை வேலையை அந்த ஒரு மாதம் எங்கள் வீட்டில் செய்து பாருங்கள், காலை நாலரைக்கு ஆரம்பம். வரும்போது அப்பா பெட்டியில் போர் போட்ட காலத்துத் தாள் இருக்கிறதா என்று பார்த்து எடுத்து வாருங்கள். எத்தனை அடியில் மணல், எத்தனை அடியில் களிமண், தண்ணீர் எங்கே வந்தது என்று அதில் எழுதியிருப்பார்கள். மோட்டாரை எந்த ஆழத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்.